ஒரு மணிப் படகும் எட்னாவின் காரும்

பிட்மன் தீவில் கார் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். மற்ற எல்லோரும் சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவார்கள். அதிலும் படகுத்துறை வரிசையில் நிற்கும் வண்டியில் சாவி இல்லையென்றால் ஊரே திட்டும். எதிர்க்கரைக்குப் போகும் படகு பதினாறு கார்தான் கொள்ளும் என்பதால், முந்தின நாள் சாயங்காலமே வண்டியைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போய்விடுவார்கள். ஒரு படகு கிளம்பி முன்னால் இடம் காலியானால், அப்போது அங்கே யார் இருக்கிறாரோ அவர் அடுத்தவர் வண்டிகளையும் சேர்த்து முன்னே நகர்த்திவிட வேண்டும். யாரும் அனுமதி கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வரிசையில் இரண்டாவதாக நின்றது ஹார்லன் பீலின் கார். ஐம்பத்தெட்டு வயது, சிங்கி இறால் பிடிக்கிற ஆள். அன்று கடலுக்குப் போகவில்லை. சட்டையைத் தானே இஸ்திரி போட்டு, முதுகில் ஒரு இடத்தைத் தீய்த்து, அதை மறைக்க மேலே கோட்டு மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கே துறைக்கு வந்துவிட்டார். மனைவி ரொவீனாவைக் கூட்டிவரப் போகிறார். ஜனவரியில் எதிர்க்கரையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவள், ஏப்ரலில் திரும்பி வர ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒத்துக்கொண்டாள் என்றால் சும்மா இல்லை. போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "வெள்ளிக்கிழமை ஒரு மணி போட்ல காரோட வா. தையல் மெஷின், பெட்டி எல்லாம் இருக்கு, கையில தூக்கிட்டு வர முடியாது. நான் துறையில காத்துக்கிட்டிருப்பேன். நீ வரலைன்னா சாமானைத் திரும்ப அக்கா வீட்டுக்கே ஏத்திடுவேன். அதுக்கப்புறம் நீ கூப்பிடவும் வேண்டாம், காரணம் சொல்லவும் வேண்டாம்."

காரணம் சொல்வதுதான் ஹார்லனுடைய வியாதி. முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட அவர்மேல் தப்பு இருந்ததில்லை. குழாய் வெடித்தால் குளிர்மேல் தப்பு. பிறந்தநாளை மறந்தால் காலண்டர் அச்சடித்தவன்மேல் தப்பு. அடித்தள அறையில் தண்ணீர் ஏறி ரொவீனா ஏழு வருஷமாகத் தைத்த போர்வைகள் ஊறிப் போனபோது பம்ப்மேல் தப்பு. பம்ப் சுவிட்சைப் போடாமல் படுத்தது யார் என்ற கேள்வியை அவள் அன்று கேட்டாள். அவர் பம்ப் கம்பெனியைத் திட்டினார். மறுநாள் முதல் படகிலேயே அவள் போய்விட்டாள்.

போகட்டும். இப்போது கதைக்கு வருவோம். வரிசையில் முதலாவதாக நின்றது எட்னாவின் சிறிய நீலக் கார். எட்னா முன்னாள் தபால் நிலைய அம்மாள், எழுபத்தாறு வயது. முதல் கார் நகர்ந்தால்தான் இரண்டாவது கார் நகர முடியும். ஒரு பக்கம் கடல் தடுப்புக் கம்பி, மறுபக்கம் இரைமீன் வைக்கும் கொட்டகைச் சுவர், நடுவே ஒரே ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் பாதை.

படகு வந்து கட்டியாயிற்று. இறங்க வேண்டிய வண்டிகள் டிக்கெட் கூண்டுக்கு அந்தப் பக்கத்து வழியாக இறங்கிப் போயின. படகு ஊழியன் கர்ட் கையை ஆட்டினான், "வாங்க, வாங்க" என்று. எட்னாவைக் காணோம். அதனாலென்ன, வழக்கம்தானே, எட்னா வருகிற வரைக்கும் நாம் ஏற்றிவைப்போம் என்று ஹார்லன் போய் நீலக் காரில் உட்கார்ந்தார். சாவியைத் தொட்டார். சாவி ஏற்கெனவே திருப்பியிருந்தது. வண்டியில் ஒரு விளக்கு இல்லை, ஒரு சத்தம் இல்லை. கியர் குச்சியைப் பிடித்து இழுத்தார். தானியங்கி கியர் வண்டி அது. குச்சி, சக்கரத்தைப் பூட்டிவைக்கும் 'பார்க்'கிலேயே நின்றது. பிரேக்கை மிதித்து இழுத்தார், பொத்தானை அமுக்கி இழுத்தார், இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை.

"என்ன ஹார்லண்ணே, உள்ள உட்கார்ந்து பிரேயர் பண்றீங்களா?" என்றான் கர்ட்.

"நகர மாட்டேங்குது."

"நியூட்ரல்ல போடுங்க, தள்ளிடலாம்."

"அதுக்குத்தான்டா போக மாட்டேங்குது!"

மூன்றாவது காரிலிருந்து டார்லீன் இறங்கி வந்தாள். ஊரில் இருக்கிற ஒரே மளிகைக் கடை அவளுடையது, அதனால் ஊர் வாயும் அவளுடையதுதான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். "சாவி ஆன்ல இருக்கே! எந்த மடையன் ராத்திரி பூரா சாவியைத் திருப்பி விட்டுட்டுப் போனான்? பேட்டரி செத்துப் போச்சு."

"அதானே, எந்த மடையனோ," என்றார் ஹார்லன்.

பேட்டரிதானே, இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பலாம் என்றார்கள். மூடியைத் தூக்கினார்கள். உப்புக்காற்று பத்து வருஷமாகத் தின்ற பேட்டரி முனை, கர்ட் இடுக்கியை மாட்டியதும் அப்படியே ஒடிந்து அவன் கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே திருப்பி வைப்பது என்று தெரியாமல் அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

பின்னால் ஒவ்வொரு காராகக் கதவு திறந்தது. ஆளுக்கொரு யோசனை. ஒருவர் சாவியை எடுத்துத் திரும்பப் போடச் சொன்னார். இன்னொருவர் வைப்பர் போட்டுக்கொண்டே இழுக்க வேண்டும் என்றார், செத்த வண்டியில் வைப்பர் எப்படி ஓடும் என்று அவருக்கே தோன்றவில்லை. இந்தத் தீவு ஆட்கள் நடுக்கடலில் டீசல் எஞ்சினைப் பிரித்துக் கோர்ப்பார்கள். ஆனால் ஊரில் ஓடுகிற முக்கால்வாசி வண்டி கையால் கியர் மாற்றுகிற பழைய டிரக். பேட்டரி போனால் கியரே பூட்டிக்கொள்ளும் என்பது அவர்களுக்கு அக்கிரமமாகப் பட்டது. எஞ்சின் செத்தால் செத்தது, குச்சி என்ன பாவம் செய்தது?

"டிரக்கால முட்டித் தள்ளிடலாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"முன் சக்கரம் பூட்டியிருக்கு. போட்டுக்கு ஏறுற இரும்புப் பாலத்துல சக்கரம் பூட்டின வண்டியைத் தேய்ச்சுக்கிட்டு ஏத்துனா கேப்டன் என்னைக் கடல்ல எறிஞ்சிடுவாரு," என்றான் கர்ட். "நியூட்ரல்ல விழுந்தா போதும். பத்து கஜம் உருட்டி டிக்கெட் கூண்டுகிட்ட ஓரங்கட்டிடலாம். மணி பன்னெண்டு நாப்பது. ஒண்ணு அடிச்சா போட் போயிடும், வண்டி இருந்தாலும் இல்லைன்னாலும்."

ஹார்லன் காரின் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து கையேட்டைத் தேடினார். காகிதத் துண்டுகள், இருமல் மிட்டாய், பழைய தபால்தலைகள், கடைசியில் ஒரு கையேடு. ஆவலாகப் பிரித்துப் பார்த்தால் அது எட்னா இதற்கு முன் வைத்திருந்த காரின் கையேடு. அதில் குச்சி ஸ்டியரிங்கிலேயே இருந்தது. இருந்தாலும் மனது கேட்காமல் இரண்டு பக்கம் படித்தார்.

படித்துக்கொண்டிருந்தபோதுதான் கண் ரேடியோவின்மேல் போனது. வெள்ளிப் பூச்சு உரிந்த வட்டப் பொத்தான். இதை நான் எங்கேயோ திருகியிருக்கிறேனே என்று நினைத்தார்.

நேற்று சாயங்காலம். தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். எட்னாவின் காருக்கு முன்னால் இடம் காலி. நல்ல மனதோடு ஏறி, கிளப்பி, நான்கு கார் தூரம் முன்னே கொண்டுவந்து பார்க்கில் போட்டார். ரேடியோவில் காற்று நிலவரம் போய்க்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்து, ரேடியோவுக்காகச் சாவியை மறுபடி திருப்பி, உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் ரேடியோப் பொத்தானைத் திருகி அணைத்துவிட்டு இறங்கி நடந்தார். அவருடைய பழைய டிரக்கில் ரேடியோவுக்குச் சாவியே வேண்டாம், பொத்தானைத் திருகினால் முடிந்தது. கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது.

எந்த மடையன் என்று இப்போது தெரிந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தார். டார்லீன் கூட்டத்தில் நீதி விசாரித்துக்கொண்டிருந்தாள். "கோடைக்கு வீடு பார்க்க வந்திருக்கானுங்களே, அந்த வெளியூர்க்காரனுங்க வேலையா இருக்கும்."

"அவங்க எதுக்கு எட்னா கார்ல ஏறப் போறாங்க?"

"அப்ப எட்னாவேதான். வேற யாரு? போன வாரம் கடையில முட்டை வாங்கிட்டு முட்டையை அங்கேயே வெச்சுட்டுப் போனா. அவ மக அப்பவே சொன்னா, காரை வித்துடலாம்னு."

ஹார்லன் வாயைத் திறந்தார். "இந்தக் காலத்து வண்டியே சரியில்ல," என்று சொல்லி மூடிக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால், ரேடியோவை அணைத்ததும் எல்லாம் அணைகிற மாதிரி வண்டி செய்யாதவன்மேல்தானே தப்பு? எட்னாவும் பேட்டரியைப் போன வருஷமே மாற்றியிருக்கலாம் இல்லையா? அவர் மனம் தன்பாட்டுக்கு வக்கீல் வேலையை ஆரம்பித்துவிட்டது. முப்பத்தோரு வருஷ அனுபவமுள்ள வக்கீல்.

அந்த நேரம் பார்த்து எட்னா வந்து சேர்ந்தாள். தலையில் கம்பளித் தொப்பி, கையில் மகளுக்குக் கொண்டுபோகும் கேக் டப்பா. கூட்டத்தைப் பார்த்து நடை தளர்ந்தது. டார்லீன் விஷயத்தைச் சொன்னாள். சொன்ன விதம் மரியாதையாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் மோசம்.

"சாவியா? நான் அணைச்சேனே," என்றாள் எட்னா. "வந்து நிறுத்தினேன்... அணைச்சேன்... அணைச்சேனா?" அவள் முகத்தில் ஒரு பயம் பரவியது. "அணைச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா முட்டையும் எடுத்த மாதிரிதான் இருந்துச்சு." கேக் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்கப்பா எல்லாரும். நான்தான் மறந்திருப்பேன்."

ஹார்லனுக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்தார். பன்னிரண்டு நாற்பத்தாறு. ரொவீனாவுக்குச் சொல்லிவிட வேண்டும், அது ஒன்றுதான் தோன்றியது. இரண்டு கோடு சிக்னல் இருந்தது.

"எங்க இருக்க?" என்றாள் ரொவீனா. பின்னால் கடல்காகத்தின் சத்தம். அக்கா தன் வேலைக்குப் போகிற வழியில் அவளைச் சாமானோடு துறையில் முன்கூட்டியே இறக்கிவிட்டுப் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது.

"துறையிலதான். கார் ரெடி. முன்னாடி எட்னா கார் நிக்குது, அது நகர மாட்டேங்குது. பேட்டரி செத்துப்போய் பார்க்லயே பூட்டிக்கிச்சு. என் தப்பு ஒண்ணுமில்ல..." அந்த வார்த்தை வழக்கம்போலத் தானாக வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பிறகு குரல் மாறியது. இந்த மூன்று மாதமாக அவள் அக்கா வீட்டுக்காரரின் வண்டி இழுக்கும் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை பார்த்தாள். நடுரோட்டில் நின்ற வண்டிக்காரர்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது அழைப்பார்கள். அந்த ஆபீஸ் குரல்தான் இப்போது வந்தது. "ஸ்பீக்கர்ல போடு. ரெண்டு கையும் வேணும். குச்சி எங்க இருக்கு, ரெண்டு சீட்டுக்கும் நடுவுலயா?"

"ஆமா."

"முதல்ல சக்கரத்துக்குக் கட்டை வைக்கச் சொல்லு. நியூட்ரல்ல விழுந்தா வண்டி சரிவுல ஓடும்."

கர்ட் ஓடிப்போய் இரண்டு மரக்கட்டை கொண்டுவந்து முன் சக்கரத்தடியில் திணித்தான்.

"குச்சிக்குப் பக்கத்துல நகம் அளவுக்குச் சின்ன மூடி ஒண்ணு இருக்கும், சதுரமா. தடவிப் பாரு."

ஹார்லன் தடவினார். கூட்டம் ஜன்னலில் ஒட்டிக்கொண்டது. பிஸ்கெட் தூள்தான் கையில் வந்தது. அதற்கடியில் ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. "இருக்கு! ரொவீனா, இருக்கு!"

"கத்தாத. ஸ்க்ரூடிரைவரால நெம்பு. உள்ள ஓட்டை தெரியும். அதுல ஸ்க்ரூடிரைவர் முனையை விட்டு நேரா அமுக்கு. அமுக்கிட்டே பிரேக்கை மிதி, குச்சிப் பொத்தானை அமுக்கு, நியூட்ரலுக்கு இழு. அமுக்குறதை விட்டுடாத."

கர்ட் நீட்டிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார், மூடி தெறித்து எங்கோ விழுந்தது. ஸ்க்ரூடிரைவரை ஓட்டையில் விட்டு அமுக்கினார். காலால் பிரேக், கையால் குச்சி. ஏதோ உள்ளே அமுங்குவது தெரிந்தது. குச்சி மட்டும் வரவில்லை.

"வரலையே."

"அமுக்கிட்டே இரு. சாவி எந்த நிலைமையில இருந்துச்சு?"

"ஆன்ல."

"கடைசியா வண்டியை ஓட்டினது யாரு?" இதுவும் ஆபீஸ் பழக்கம். படிவத்தில் நாலாவது கேள்வி. தினம் பத்துப் பேரிடம் கேட்பது, இவரிடமும் கேட்டுவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே எட்னாவின் குரல் சன்னமாக வந்தது. "நான்தான்னு சொல்லுப்பா. எனக்கு வேற யாரும் இல்ல ஓட்ட."

ஹார்லன் ஸ்க்ரூடிரைவரை அமுக்கியபடியே இருந்தார். பதில் சொன்னால் என்ன ஆகும் என்று அந்த வரிசையில் நிற்கிற எவருக்கும் தெரியும். வரிசையைக் கெடுத்தவன் வால் பக்கம் போக வேண்டும், அது எழுதாத சட்டம். நீலக் காருக்குப் பின்னால் அவருடையதையும் சேர்த்துப் பத்தொன்பது கார் நின்றது. வாலுக்குப் போனால் ஒரு மணிப் படகு கிடையாது. படகு கிடையாதென்றால் ரொவீனா கிடையாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, எட்னாவே ஏற்றுக்கொண்டாகிவிட்டது. ஆனால் எட்னா இனிமேல் அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று வாழ்நாள் முழுக்க எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பாள். இப்போதே கேக் டப்பாவின் மூடியைத் தடவித் தடவிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்," என்றார் ஹார்லன்.

"என்ன? கேக்கல," என்றது போன். "காத்து அடிக்குது. திரும்பச் சொல்லு. யாரு?"

"நான்தான்!" இந்தத் தடவை துறை முழுக்கக் கேட்டது. "நேத்து சாயங்காலம் நான்தான் எட்னா காரை நகர்த்தினேன்! நான்தான் ரேடியோ கேட்டேன்! சாவியை அணைக்காம இறங்கிப் போனதும் நான்தான்! தப்பு என்னுது! கேக்குதா?"

போன் மூன்று தடவை பீப் என்று சொல்லி அணைந்தது. சிக்னல் போய்விட்டது.

முப்பத்தோரு வருஷமாக வராத வார்த்தை ஒருவழியாக வந்தது, கேட்க வேண்டியவளைத் தவிர ஊரில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். சரி, இதற்காவது குச்சி இறங்கியதா என்றால் அதுவும் இல்லை.

ஹார்லன் காதெல்லாம் சிவந்து, ஸ்க்ரூடிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் வர மாட்டேன் என்கிறது? பூட்டுத்தான் திறந்துவிட்டதே. வண்டி சரிவில் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது... அப்போது அவருக்குக் கடல் புத்தி வேலை செய்தது. நங்கூரம் பாறையில் மாட்டிக் கயிறு விறைத்து நின்றால், இழுத்துப் பிரயோஜனமில்லை. படகைக் கொஞ்சம் அதன்மேலேயே விட்டுக் கயிற்றைத் தளர்த்தினால்தான் விடும்.

"முன்னாடி போங்கடா நாலு பேரு! வண்டியைப் பின்னால மேட்டுப் பக்கம் அமுக்குங்க. இதோட பாரம் மொத்தமும் கியர் பல்லுமேல உட்கார்ந்திருக்கு!"

நாலு பேர் முன்னால் போய்த் தோள் கொடுத்தார்கள். வண்டி ஒரு விரல் அளவு பின்னே நகர்ந்தது. உள்ளே எங்கோ 'டக்' என்றது. குச்சி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி நியூட்ரலில் போய் விழுந்தது.

கர்ட் கட்டையைத் தளர்த்தித் தளர்த்தி வைக்க, நீலக் காரை உருட்டிக்கொண்டுபோய் டிக்கெட் கூண்டின் ஓரத்தில் நிறுத்தினார்கள். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. கூட்டம் அவரவர் காருக்கு ஓடியது. டார்லீன் மட்டும் நின்றாள். பொதுவாக இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் அவள் விடவே மாட்டாள். இன்றைக்கு என்னவோ தரையைப் பார்த்துப் பேசினாள். "யோவ் ஹார்லன்... வரிசைச் சட்டம் தெரியும்ல?"

"தெரியும்," என்றார். தன் காரை எடுத்து, டிக்கெட் கூண்டைச் சுற்றித் திருப்பி, எல்லோரும் ஏறுவதற்காக ஓரத்தில் ஒதுங்கி நின்றார்.

டார்லீன் காரில் எட்னாவும் கேக்கும் ஏறிக்கொண்டார்கள். ஏறுமுன் எட்னா அவரிடம் வந்தாள். அழப்போகிறாளோ என்று அவர் பயந்தார். கேக் டப்பாவாலேயே அவர் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். "பத்து நிமிஷம் எனக்கு மூளை கழண்டுடுச்சுன்னு நினைக்க வெச்சிட்டியேடா பாவி!"

"மன்னிச்சிடுங்க எட்னாம்மா."

"புது பேட்டரி நீதான் வாங்கிப் போடுற," என்று சொல்லிவிட்டுப் போனாள். நடையில் பழைய வேகம் வந்திருந்தது.

பதினாறாவது கார் ஏறியதும் கர்ட் சங்கிலியைக் கையில் பிடித்தபடி கூப்பிட்டான். "ஹார்லண்ணே, நடந்தாவது ஏறிக்கோங்க! ஆளுக்கு இடம் இருக்கு!"

ஹார்லன் இரும்புப் பாலம் வரைக்கும் போனார். காரோடு வா என்றுதானே சொன்னாள். கார் இல்லாமல் போய் நின்றால் தையல் மெஷினை எதில் ஏற்றுவது? போகாமல் நின்றால் நான் வரவில்லை என்று ஆகிவிடும். காரோடு நாலரைப் படகில் போனால் தாமதம், அதற்குள் அவள் கிளம்பியிருப்பாள். கையை வீசிக்கொண்டு போனால் சாக்கு. எது குறைந்த தப்பு? ஒரு கால் பாலத்தில், ஒரு கால் கரையில். திரும்பிக் காரைப் பார்த்தார், படகைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அதில் ஒரு கோடும் இல்லை. படகு ஊதியது. அவர் எதையும் முடிவு செய்யவில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் கர்ட் சங்கிலியைப் போட்டுவிட்டான், அவ்வளவுதான்.

நாலரைப் படகுக்கான வரிசையில் காரை விட்டு உள்ளே உட்கார்ந்தார். ஏறாமல் விடுபட்ட இரண்டு கார்கள் அவருக்கு முன்னால் நின்றன. மூன்று மணி நேரம். அதற்குள் பதினோரு தடவை ரொவீனாவுக்குப் போன் போட்டார். எட்டுத் தடவை சிக்னல் இல்லை, மூன்று தடவை மணி அடித்தது, எடுக்கவில்லை. அவள் கடைசியாகக் கேட்டது எது? 'நான்தான்' வரைக்கும் கேட்டிருந்தால் நல்லது. 'என் தப்பு ஒண்ணுமில்ல' மட்டும் கேட்டிருந்தால் முடிந்தது கதை. இரண்டும் கேட்டிருந்தால்? அதற்கு என்ன அர்த்தம்? அவருக்குப் புரியவில்லை. மூடுபனி இறங்கி வந்து துறை விளக்கை மறைத்தது. பயமாக இருந்தது, உண்மையாகவே. அந்த வீட்டில் இன்னொரு குளிர்காலம் தனியாக இருக்க அவரால் முடியாது.

நான்கு மணிக்குப் படகு திரும்பி வந்தது. முதலில் நடந்து வருகிறவர்கள் இறங்கினார்கள். தபால்காரர், ஒரு ஜோடி, பலகை சுமந்த தச்சர். அப்புறம் கார்கள். அப்புறம் யாருமில்லை. ஹார்லன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

பக்கத்துக் கதவு திறந்தது. ரொவீனா உள்ளே வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கையில் தோள்பை ஒன்றுதான். பெட்டி இல்லை, மெஷின் இல்லை. அதைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றுதான் தோன்றியது: முடிந்தது என்று நேரில் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள்.

"டார்லீன் இறங்கின உடனே ஓடி வந்து சொன்னா," என்றாள் ரொவீனா, முன் கண்ணாடியைப் பார்த்தபடி. "எட்னாவும் சொன்னா. கர்ட் நீ கத்தின மாதிரியே கத்திக் காட்டினான். துறையில இருந்த எல்லாரும் கேட்டுட்டாங்களாம்."

"ஆமா."

"நான் கேக்கல."

ஹார்லன் அவளைப் பார்த்தார். பத்தொன்பது காருக்கு நடுவே கத்துவது சுலபமாக இருந்தது. இப்போது ஒரு முழம் தூரத்தில் அவள் காது இருக்கிறது, வாய் வரவில்லை. மனதுக்குள்ளிருந்த வக்கீல் ஒரு தடவை எழுந்து நின்றான். அவர் அவனை உட்கார வைத்தார்.

"நான்தான்," என்றார் மெதுவாக. "எட்னா கார் மட்டும் இல்ல. பம்ப் சுவிட்சும். உன் போர்வையெல்லாம்... நான்தான் ரொவீனா. போடாம படுத்துட்டேன். அன்னிக்கே தெரியும்."

ரொவீனா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். முன்னால் கர்ட் கையை ஆட்டினான். முதல் கார் கிளம்பியது.

"வண்டியை எடு," என்றாள். "சாமானெல்லாம் அந்தப் பக்கம் டிக்கெட் ஜன்னல்கிட்ட கிடக்கு. டார்லீனை உட்கார வெச்சுட்டு வந்திருக்கேன். அவளுக்குக் கடைக்குச் சரக்கு எடுக்கப் போகணும், திட்டிக்கிட்டு இருப்பா."

"ஆனா இதுதானே கடைசி போட்? திரும்பி வர காலையிலதானே?"

"அக்கா வீட்டுல படுத்துக்கலாம்."

ஹார்லன் கியரில் போட்டார். கார் சரிவில் இறங்கி இரும்புப் பாலத்தில் ஏறியது. பாதிப் பாலத்தில் ரொவீனா சொன்னாள். "அக்காகிட்டயும் சொல்லணும்."

"எதை?"

"எதைன்னா கேக்கிற?" என்றாள் ரொவீனா. "ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு போட்ல. உன் தப்பையெல்லாம் கல்யாணத்துலேர்ந்து ஆரம்பி. விட்டுப் போனா நான் எடுத்துக் குடுக்குறேன்."